பீரோவில் மளிகை

அந்தக் கேள்வியை இன்னொரு தடவை படியுங்கள் அம்மா. எண்ணெய்க் கேள்வி இல்லை, அதற்கு அடுத்தது. கடந்த முப்பது நாட்களில் இந்த வீட்டு ஆட்கள் வெளியிடத்தில் இலவசமாகச் சாப்பிட்ட வேளைகள் எத்தனை. அதுதான். ஆள்வாரியாகச் சொல்ல வேண்டுமா?

எனக்குப் பூஜ்யம். போட்டுக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரிக்கு... கொஞ்சம் பொறுங்கள். மணி என்ன? பத்தே முக்காலா. இருக்கிறது, நேரம் இருக்கிறது. மோரைக் குடியுங்கள். அவள் அடுப்படியில் வேலையாக இருக்கிறாள், இங்கே பேசுவது அவளுக்குக் கேட்காது. கேட்டாலும் என்ன, அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இதில் இல்லை. எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

நீங்கள் சர்க்கார் கணக்கெடுப்புக்கு வந்தவர். துவரம்பருப்பு எத்தனை கிராம், சீரகம் எத்தனை கிராம் என்று கேட்டீர்கள், நான் எந்த நோட்டையும் பார்க்காமல் சொன்னேன். உங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. இந்தத் தெருவில் மற்றவர்கள் 'சுமாரா ஒரு கிலோ இருக்கும்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். சுமார் என்கிற சொல்லே எனக்கு ஆகாது. முப்பத்தோரு வருஷம் மில்லில் ஸ்டோர்ஸ் கீப்பராக இருந்தவன். ஒரு பேரிங் வேண்டும் என்றால் ஃபிட்டர் சீட்டு எழுத வேண்டும், மேஸ்திரி கையெழுத்துப் போட வேண்டும், அதற்கப்புறம்தான் என் ஜன்னலுக்கு வரலாம். சீட்டு இல்லாமல் முதலாளி மகனே வந்து நின்றாலும் ஒரு திருகாணி வெளியே போகாது. போனதில்லை.

அந்த மில்லில் இரண்டு ஷிஃப்டை நிறுத்தினார்கள். ஐம்பத்து நாலு வயதில் என்னைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். வந்த பணத்தை வங்கியில் போட்டேன். வட்டிதான் வருமானம். மகன் ஓசூரில் இருக்கிறான். மாசாமாசம் அனுப்புகிறேன் என்றான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் மளிகைச் சீட்டு என் கையில் வந்தது. ஏழாயிரத்து நூற்று நாற்பது ரூபாய். இரண்டு பேருக்கு! இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷமும் இதுதான் போய்க்கொண்டிருந்ததா? சம்பளக் கவரை அவள் கையில் கொடுத்ததோடு நான் மறந்துவிட்டேனா?

பயம்தான் அம்மா. அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் கஞ்சனா என்று நானே ஆயிரம் தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். தங்கை மகள் கல்யாணத்துக்கு ஒரு பவுன் போட்டேன். பத்திரிகையில் யாருக்காவது ஆபரேஷன் என்று விளம்பரம் வந்தால் நூறு ரூபாய் அனுப்புவேன். கஞ்சன் அனுப்புவானா?

வடிவை, என் மனைவி பெயர் சண்முகவடிவு, வீட்டில் வடிவு, கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினேன்.

"மாசம் நாலாயிரத்து ஐநூறு. அதுக்கு மேல ஒரு பைசா போகக் கூடாது."

"அரிசி சேர்த்தா, சேர்க்காமலா?"

"சேர்த்துத்தான்."

"எனக்கு வராது. நீங்களே நடத்துங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நடத்தினேன். இதோ, உங்களுக்குப் பின்னால் இருக்கிறதே, அந்த பீரோதான். என் வேட்டி சட்டையை மேல் தட்டுக்கு ஏற்றினேன், கீழ் மூன்று தட்டும் மளிகைக்கு. அரிசி மட்டும் கட்டிலுக்கு அடியில். சாவி என் இடுப்பில். தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் அன்றைய சாமான்களை எடுத்து வைப்பேன். மதியத்துக்கு ஒரு உழக்கு அரிசி, பருப்பு ஒரு கை, எலுமிச்சை அளவு புளி, எண்ணெய் மூன்று கரண்டி, கடுகு ஒரு சிட்டிகை. வடிவு வந்து தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போவாள். சட்டையெல்லாம் பெருங்காயம் மணந்தது. வங்கிக்குப் போனால் அங்கே இருக்கிற பெண், "சார் வீட்டுல இன்னைக்கு சாம்பாரா?" என்று கேட்கும். கடைக்கார அண்ணாச்சி என் சீட்டைப் பார்த்துவிட்டு, "சார்வாள், கடுகு ஐம்பது கிராம்தானா? வீட்டுல எல்லாரும் வெளியூரா?" என்றார். சிரிக்கட்டும். முதல் மாதம் நாலாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு. பத்து ரூபாய் மிச்சம்.

வடிவும் முதலில் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் எனக்குச் சீட்டு எழுதுவாள். 'மதிப்பிற்குரிய ஸ்டோர்ஸ் கீப்பர் அவர்களுக்கு, ரசத்துக்கு மிளகு பத்து எண்ணம் குறைகிறது. தாங்கள் தயவு பண்ண வேண்டும். இப்படிக்கு, அடுப்படி டிபார்ட்மென்ட்.' நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆறு மிளகு கொடுத்தேன். பத்து கேட்டால் ஆறு கொடுப்பதுதான் ஸ்டோர்ஸ் வழக்கம். கேட்கிறவர்கள் அதைத் தெரிந்துதான் கூட்டிக் கேட்பார்கள். அவள் எழுதிய சீட்டெல்லாம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் பாருங்கள். வேண்டாமா, சரி.

இரண்டு மாதம் கழித்துச் சீட்டு வருவது நின்றுவிட்டது. எனக்குத் திருப்தியாக இருந்தது. ஸ்டோர்ஸுக்குச் சீட்டு வராவிட்டால் மிஷின் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம்.

ஆடி மாதம் அவள் விரதம் ஆரம்பித்தாள். முதலில் செவ்வாயும் வெள்ளியும். அப்புறம் திங்கள், சோமவாரம் என்றாள். அப்புறம் வியாழன் குருவுக்கு, சனி பெருமாளுக்கு. அவளுக்கு அவ்வளவு பக்தி வந்தது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு நாள் மதியம் என் அக்கா வீட்டுக்காரர், அத்தான், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். ஒரு உழக்குச் சோறுதான் வடித்திருந்தது. எனக்குக் கை ஓடவில்லை. பீரோவைத் திறக்கவா, ஒரு நாளைக்கு விதியை மாற்றவா என்று யோசித்துக்கொண்டே நிற்கிறேன், அதற்குள் வடிவு இலையைப் போட்டுவிட்டாள். "உட்காருங்க அண்ணே, எனக்கு இன்னைக்கு விரதம்" என்றாள். எப்பேர்ப்பட்ட சமயோசிதம் பாருங்கள். அன்றைக்குப் புதன்கிழமை. புதன்கிழமைக்கு என்ன விரதம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. அத்தான் நன்றாகச் சாப்பிட்டார். நானும் நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

சாப்பாட்டில் எனக்கு மில் பழக்கம் அம்மா. குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. அடியில் குழம்பு மிச்சம் இருந்தால் வீணாகப் போகக் கூடாது என்று அதற்கும் இரண்டு கை. வீணாகப் போகக் கூடாது என்பதில் நான் ரொம்பக் கண்டிப்பு. சட்டி காலியாக இருந்தால்தான் எழுந்திருப்பேன். அவள் பின்னால் சாப்பிடுகிறவள், எனக்குப் போட்டுவிட்டு.

மணி என்ன ஆயிற்று? பதினொன்று பத்து. உட்காருங்கள், உட்காருங்கள். அடுத்த கேள்விகள் எங்கே போய்விடும், துணிமணிக் கணக்குத்தானே. ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவேன்.

ஐப்பசியில் ஒரு நாள் பஜாரில் ஆவுடையப்பனைப் பார்த்தேன். மில்லில் ஃபிட்டர். என் ஜன்னலில் நின்று நின்றே பாதி ஆயுள் போச்சு என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறவன். என்னைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்தினான்.

"என்ன ஸ்டோர்ஸ், சௌக்கியமா? வீட்டுல உலை வைக்கிறதை நிறுத்திட்டியா?"

"ஏன் கேட்கிறே?"

"மதினியை சிவன் கோயில் அன்னதானத்துல பார்க்கேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தினமும். டோக்கன் வாங்கி, வரிசையில நின்னு, பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டுப் போறாங்க. நான் என்னமோ வேண்டுதல்னு நினைச்சேன். வேண்டுதலா?"

"வேண்டுதல்தான்" என்றேன்.

"அப்ப சரி. உன்கிட்ட சீட்டு எழுதிக் கொடுத்து வாங்குறதுக்கு இது சுலபம்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு எதுவும் தெரியாது. மில் ஞாபகத்தில் விளையாட்டாகச் சொன்னான். எனக்கு அந்த இடத்திலேயே வேர்த்துவிட்டது. அந்த வரிசையில் யார் யார் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். வெளியூர்க்காரர்கள் நிற்பார்கள், பிள்ளைகள் கைவிட்டவர்கள் நிற்பார்கள், பஸ் ஸ்டாண்டில் பேனா விற்கிறவன் நிற்பான். அவர்களுக்கு நடுவில் ஸ்டோர்ஸ் கீப்பர் குற்றாலலிங்கத்தின் மனைவி.

வீட்டுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்கு வந்தாள். நெற்றியில் விபூதி, கையில் ஒரு வாழைப்பழம்.

"எங்க போயிட்டு வர்றே?"

"கோயிலுக்கு."

"சாப்பிட்டியா?"

என் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை. "சாப்பிட்டேன்" என்றாள்.

"எத்தனை நாளா?"

"ஆடிக் கடைசியில இருந்து."

"ஏன்? வீட்டுல அரிசி இல்லையா?"

"இருக்கே. உங்க கட்டிலுக்கு அடியில இருக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள், குடை மூலையில் இருக்கிறது என்று சொல்வது மாதிரி. அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, தூணில் சாய்ந்து உட்கார்ந்து, நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். அங்கே பரிமாறுகிறவர் ஒருத்தர் இருக்கிறாராம். வயசானவர், காது கொஞ்சம் மந்தம். வரிசை ஒரு சுற்று முடிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு முதலில் இருந்து திரும்ப வருவாராம். "யாருக்கு வேணும், கூச்சப்படாம கேளுங்க, யாருக்கு வேணும்" என்று கேட்டுக்கொண்டே வருவாராம். காது கேட்காததால் நாம் போதும் என்று சொன்னாலும் போட்டுவிட்டுப் போவாராம். சொல்லும்போது சிரித்தாள். ஏதோ திருவிழாவுக்குப் போய்வந்தவள் மாதிரி இருந்தது அவள் முகம். அந்த முகத்தை நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. "அப்ப தினமும் உன் பங்கு அரிசி எங்க போச்சு?" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் கேட்டது கணக்குப்படி சரியான கேள்விதானே? அவள் மூன்று மாதமாக மதியம் இங்கே சாப்பிடவில்லை. உழக்கு அரிசி தினமும் செலவாகிக்கொண்டே இருந்தது. மீதமும் வரவில்லை. ஸ்டோர்ஸில் ஒரு போல்ட் குறைந்தாலும் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவேன். தினமும் ஒரு ஆள் சாப்பாடு காணாமல் போயிருக்கிறது, தெரியவில்லை. அன்றைக்கு முழுவதும் அதையே போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். எலியா, எறும்பா, அவள் யாருக்காவது கொடுக்கிறாளா. அப்புறம் வேட்டியை இறுக்கிக் கட்டும்போது... நீங்கள் என் வயிற்றைப் பார்க்காதீர்கள் அம்மா. ஆமாம். நாலு கிலோ கூடியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது, வீட்டில் உட்கார்ந்திருப்பதால் என்று நினைத்தேன்.

அவள் வடித்ததை எல்லாம் என் இலையில் போட்டாள், நான் வழித்துத் தின்றேன். முதலில் கொஞ்ச நாள் தனக்கு இல்லாமல் இருந்து பார்த்திருக்கிறாள். விரதம் என்று பெயர் வைத்திருக்கிறாள். வாரத்தில் கிழமைகள் தீர்ந்துபோனதும் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம். ஒரு தடவையாவது "எனக்கு இல்லை" என்று சொல்லியிருக்கலாமே? நான் என்ன அரக்கனா? கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? பத்து கேட்டிருந்தால் ஆறாவது...

சரி. விடுங்கள்.

மறுநாள் காலையில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சாவியை அவள் கையில் கொடுத்தேன். பீரோவில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று எழுதி, அதையும் சேர்த்துக் கொடுத்தேன், அவளுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று. சாவியை வாங்கிக்கொண்டாள். தாளை வாங்கவில்லை. அன்றைக்கே எல்லாச் சாமானும் அடுப்படிக்குப் போய்விட்டது. எப்போதாவது டப்பாவைத் திறந்து பார்ப்பேன், பார்க்க மட்டும்தான் செய்வேன், கை வைப்பதில்லை. இந்த மாதம் நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு ஆகிவிட்டது. முன்னூற்றுப் பன்னிரண்டு ரூபாய் கூடுதல். ஒரு வார்த்தை பேசவில்லையே! நோட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன், அவ்வளவுதான்.

இவ்வளவும் செய்த பிறகும் அவள் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை அம்மா. மூன்று வாரம் ஆகிறது. சமைக்கிறாள், குறைவில்லாமல் சமைக்கிறாள், எனக்கு எடுத்து மூடி வைக்கிறாள், பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பிவிடுகிறாள். "இங்கயே சாப்பிடேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்கு அங்க பழகிடுச்சு" என்கிறாள். கோபமா என்று கேட்டேன். "கோபம் இருந்தா சமைப்பேனா?" என்கிறாள். சண்டை போட்டால் சமாதானம் செய்யலாம். இதற்கு என்ன செய்வது? மத்தியானம் தனியாக உட்கார்ந்து தட்டைத் திறந்தால் ஒரு தடவைக்கு மேல் இறங்க மாட்டேன் என்கிறது. ரசம் அப்படியே இருக்கிறது. எழுந்து வாசலுக்கு வருகிறேன், திரும்ப உள்ளே போகிறேன், கடிகாரத்தைப் பார்க்கிறேன், இப்போது எந்த வரிசையில் உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் யார், எதற்குச் சிரிக்கிறாள்.

உங்களிடம் ஒன்றை மறைக்க வேண்டாம். காலையில் நீங்கள் வந்து கதவைத் தட்டியதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போது வடிவு வெளியே போக மாட்டாள். முப்பது வருஷத்தில் போனதில்லை. வந்தவர்களுக்குத் தானே பரிமாறி, வந்தது பெண்ணென்றால் தானும் கூட உட்கார்ந்தால்தான் அவளுக்குத் திருப்தி. உங்களைப் பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்த்தி வைத்துவிட்டால் அவள் இன்றைக்கு இங்கே சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். அதனால்தான் சீரகத்துக்கே ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டேன். தப்புத்தான். நீங்கள் ஆறு வீடு முடிக்க வேண்டும் என்று சொன்னது காதில் விழுந்தது. ஒரு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதானே கேட்கிறேன். மூன்று பேருக்கு வடிக்கச் சொல்லிவிட்டேன்.

என்னது? கேள்வி கேட்கப் போன வீட்டில் சாப்பிடுவதில்லையா? தண்ணீரும் மோரும் மட்டும்தானா? இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா.

இதோ வருகிறாள். புடவை மாற்றிவிட்டாள்.

"வடிவு, இவங்க சர்க்கார்ல இருந்து வந்திருக்காங்க. இன்னும் நிறையக் கேள்வி பாக்கி இருக்கு. சாப்பிடச் சொன்னேன். நீ..."

கேட்டீர்களா, என்ன சொல்கிறாள் என்று? சாப்பாடெல்லாம் எடுத்து வைத்திருக்கிறாளாம். நான் பரிமாறுவேனாம். "அவங்க நல்லா அளந்து போடுவாங்க, கூச்சப்படாம சாப்பிடும்மா" என்று உங்களிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுகிறாள். சிரிக்காதீர்கள். சரி, சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். சண்முகவடிவு, முப்பது நாளில் இருபத்தாறு வேளை. நாலு நாள் காய்ச்சல், அப்போது கஞ்சி. நான் வைத்த கஞ்சி. உப்புப் போட மறந்துவிட்டேன், குடித்தாள்.

படியிறங்கிவிட்டாள்.

"வடிவு! வடிவு, நில்லு. அந்த டோக்கன் எத்தனை மணி வரைக்கும் குடுப்பாங்க?"

நின்றுவிட்டாள், பாருங்கள். திரும்பி என்னைத்தான் பார்க்கிறாள். பன்னிரண்டு அடிக்கிற வரைக்கும்தானாம். "அங்க யாரும் உங்களுக்குன்னு எடுத்து மூடி வைக்க மாட்டாங்க. வர்றதுன்னா சட்டையைப் போட்டுட்டு வாங்க" என்கிறாள். மெதுவாகச் சொல்லக் கூடாதா, எதிர் வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது. ஆவுடையப்பன் வேறு அந்நேரத்துக்கு அங்கேதான் சுற்றிக்கொண்டிருப்பான். அவன் கண்ணில் பட்டால் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான்.

மணி என்ன? பதினொன்று ஐம்பதா? ஐயோ, எழுந்திருங்கள் அம்மா, எழுந்திருங்கள். துணிமணிக் கணக்கை நாளைக்கு வந்து கேளுங்கள். நான் வீட்டைப் பூட்ட வேண்டும்.